முழங்கைக்குக் கீழே நான்கு விரல்

அடுக்களையின் கூரையைப் பிரித்த வாரம் எங்கள் வீட்டுக்குள் வானம் வந்துவிட்டது. ஓடுகளை இறக்கி முற்றத்தில் அடுக்கியிருந்தார்கள். கரி பிடித்த நான்கு சுவர்கள், மேலே மேகம். ஆனி மாதம் என்பதால் மலையடிவாரத்து லோயர் கேம்பில் பாசனத்துக்குத் திறந்துவிட்ட தண்ணீர் வாய்க்காலில் நிறைந்து ஓடிய சத்தம் சுவருக்குள்ளேயே கேட்டது. காபித் தம்ளரோடு நடுவில் நின்று, இது வீட்டுக்கு உள்ளா வெளியா என்று புரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். கம்பம் ஊரிலிருக்கும் என் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸை ஒருநாள் அதனால்தான் கோட்டைவிட்டேன்.

ஒரு மூலையில் பழைய மேசையைப் போட்டு, அதன்மேல் கேஸ் அடுப்பு வைத்து, கொத்தனார் வருவதற்கு முன்பே என் கணவர் சமைத்துக்கொண்டிருப்பார். உலை கொதித்து ஆவி நேராக மேலே போகும். போய் மலைமேல் நிற்கும் மேகத்தோடு சேர்ந்துகொள்கிறது என்று நானாக நினைத்துக்கொள்வேன். சின்ன வெங்காயம் வதங்கும் வாசத்தில் கண் சொக்கும். எங்கள் வீட்டில் சமையல் அவர்தான். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துபோய் கரண்டியை வாங்கிக்கொண்டவர், திருப்பித் தரவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். விருந்தாட்கள் வந்தால் விடிவதற்குள் எல்லாம் செய்து மூடிவைத்துவிட்டு வேட்டியை மாற்றிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிடுவார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அவருடைய அக்காவான என் நாத்தனார், என் அயிரை மீன் குழம்பைப் பற்றிச் சின்னமனூர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். திராட்சைத் தோட்டக்காரன், ஆறடி ஆம்பளை, அடுப்படியில் நிற்கிறான் என்று ஊர் பேசுமே என்று என் கணவருக்குக் கூச்சம்.

அந்த ஆறடிதான் வினையாகிப்போனது. பகலெல்லாம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நடப்பார். வீட்டுக்கு வந்தால், என் மாமியார் உயரத்துக்குக் கட்டிய பழைய மேடையின் முன்னால் மறுபடியும் குனிவார். இடுப்பு விட்டுப்போனது. தேனி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தோட்டம், சமையல் இரண்டில் ஒன்றை விடுங்கள் என்றார். தோட்டத்தை விட முடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அடுக்களையை இடித்துக் கட்டலாம் என்று நான் சொன்னது அன்றைக்குத்தான்.

புது மேடைக்கு அளவெடுக்கும் நாளில் கொத்தனார் என்னைத்தான் கூப்பிட்டார்.

"அக்கா, இங்கன வந்து நில்லுங்க. கைய மடக்குங்க. முழங்கைக்குக் கீழ நாலு விரல் விட்டுக் கோடு போட்டா, இடுப்பு வலியே வராது."

நான் கணவரைப் பார்த்தேன். "அவ அளவுக்கே போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவர் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த மனுஷன் வாழ்க்கையில் ஆசைப்பட்டுச் செய்வது ஒன்றே ஒன்று, அதையும் வெட்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாரே.

"அந்தக் கோட்ட அழிங்க" என்றேன். அவருடைய முழங்கை எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதெல்லாம் என் தோளில் இடிக்கும் முழங்கை அது. தோளுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினேன். "இங்கேயிருந்து நாலு விரல் எறக்கிப் போடுங்க."

"ஏணி வச்சுல்லக்கா நீங்க ஏறணும்?"

"ஏறிக்கிறேன்."

சாயங்காலம் அவர் வந்து பார்த்தபோது செங்கல் கட்டு முடிந்திருந்தது. ஈரச் சிமெண்டின் மேல் படாமல் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். குனியவேண்டி இருக்கவில்லை.

"அக்கா கேட்டா என்ன சொல்லுவ?"

"நீங்க சொல்லுங்க."

"இப்ப இடிச்சா குறிச்ச நாளுக்கு வேல முடியாது. பால் காய்ச்சி முடியட்டும். அப்புறம் ஒடச்சு எறக்கிருவோம்" என்றார்.

கூரை ஏறியது. வானம் வெளியே போனது. மேற்குச் சுவரில் வைத்த ஜன்னலில் மட்டும் மலை வந்து நின்றது. பால் காய்ச்சும் நாளும் வந்தது. வழக்கப்படி வீட்டுக்காரி நான்தான் பாலை ஏற்றவேண்டும். பலகை போட்டு ஏறி, எக்கி எக்கிப் பார்த்தாலும் பாத்திரத்துக்குள் பால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

"எந்தக் கூறுகெட்டவன் கட்டுனான் இந்த மேடைய?" என்றார் நாத்தனார். "பாவம், இவ எப்படிச் சமைப்பா?"

வாசல் பக்கம் லட்டோடு நின்ற கொத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. என்னைப் பார்த்தார். நான் ஆண்கள் நின்ற பக்கம் பார்த்தேன். இது நான் சொல்லவேண்டியது இல்லை.

ஆண்களுக்கு நடுவிலிருந்து என் கணவர் உள்ளே வந்தார். தோள் துண்டை எடுத்து, பழக்கத்தில் பாத்திரம் பிடிக்கிற மாதிரி மடித்துக்கொண்டார்.

"கொத்தனார வையாதக்கா. என் அளவுக்குக் கட்டுனது. நாந்தேன் சமைக்கிறேன்."

பால் பொங்கி வழிந்தது. குலவை போட வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள். அவர் நிதானமாக அடுப்பைக் குறைத்தார்.

"அப்ப அந்த அயிர மீன் கொழம்பு?" என்றார் நாத்தனார்.

"அதுவுந்தேன்."

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, இத்தன வருசமா நான் உன்னயப் புகழ்ந்ததெல்லாம்?"

"அத இனித் திருப்பித் தர முடியாது மதினி" என்றேன். முதலில் சிரித்தது நாத்தனார்தான். பிறகு எட்டி ஒரு தம்ளரை எடுத்துத் தம்பி முன்னால் நீட்டினார். "ஊத்துலே, சீனி கம்மியா."

பலகையிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றேன். ஆவிக்குள், ஜன்னல் மலைக்கு முன்னால், முதுகை வளைக்காமல் அவர் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குள் அவருடைய முழு உயரத்தை அன்றுதான் பார்த்தேன்.