சுருட்டு அலமாரிக்குப் பின்னால்

எங்கள் மாமாவைக் கொலைகாரர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். இரண்டு தடவை போயும் இருக்கிறேன். மாமா என்றால் என் அக்காவின் கணவர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன். முப்பத்தோரு வருஷமாகத் தானியக் கிடங்கில் பூச்சிமருந்து போடுகிற வேலை. கோதுமை மூட்டைகளை அடுக்கித் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் ஒட்டி, உள்ளே மாத்திரை வைப்பார்கள். அது மெல்ல மெல்ல விஷ வாயுவாகக் கிளம்பும். வண்டு, எலி, மனுஷன் என்று அதற்குப் பேதம் கிடையாது. வேலை முடிந்து வந்தால் முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு டம்ளரைக்கூடத் தொடமாட்டார். "போதும் மாமா, தோல் உரிஞ்சுடப் போகுது" என்று நான் கிண்டல் செய்வேன்.

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சுருட்டு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்றே ஒன்று. பெரிய மனுஷர்கள் பெட்டியோடு வாங்குகிற சரக்கு இல்லை. இருபத்தைந்தாகச் சேர்த்து, மஞ்சள் காகிதத்தில் சுற்றி, கட்டாக விற்கிற மட்டரகம். வாங்கின கையோடு பற்றவைத்தால் மூக்கு எரியும், தொண்டை கமறும்.

"ரெண்டு வருஷம் இதைச் சும்மா கிடக்க விடு. அப்புறம் பாரு, ராஜா வீட்டுச் சுருட்டு தோத்துடும்" என்பார்.

அப்படிக் கிடக்கவிடுவதற்கென்றே நடு அறையில் ஓர் அலமாரி. ஒவ்வொரு கட்டிலும் வாங்கின தேதி எழுதியிருக்கும். மாசம் ஒருமுறை மேலே இருப்பதைக் கீழே, கீழே இருப்பதை மேலே மாற்றி அடுக்குவார். இலை காய்ந்து உதிராமல் இருக்க, தட்டுக்கு ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு. அந்த ஈரம் கூடிவிடாமல், குறைந்துவிடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொள்வார். "பெத்த பொண்ணைக்கூட இப்படி வளர்க்கல" என்று அக்கா புலம்புவாள். அது சும்மா பேச்சு. ஒரே மகள் என்றால் அவருக்கு உயிர். இருந்ததிலேயே பழைய கட்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்தன்று வாங்கியது. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற நாளில் பிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்.

அந்த அலமாரி ஒரு காலத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த வாசல். முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் விரல் கனம்கூட இல்லாத ஒட்டுப்பலகை. பலகைக்கு அந்தப் பக்க அறையில்தான் மகள் மூன்று மாசக் கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். அவள் வீட்டுக் கூரை ஒழுகி, மராமத்து வேலை முடிவேனா என்று இழுத்துக்கொண்டிருந்தது.

"அந்த நாத்தத்துகிட்ட ஏண்டி படுக்கிறே?" என்று கேட்டேன்.

"எனக்கு இது அப்பா வாசனை சித்தி" என்று சிரித்துவிட்டு, பலகையை ஒட்டியே பாயை விரித்தாள். என் நச்சரிப்புத் தாங்காமல் தொட்டிலை மட்டும் எதிர்ப்பக்கம் ஜன்னலடிக்குத் தள்ளினாள்.

இனி நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். மட்டரகச் சுருட்டில் கண்ணுக்குத் தெரியாத வண்டு முட்டை இருக்கும். அதனால் புதுக் கட்டு வாங்கினால் மாமா அதை மூன்று நாள் ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டுகிற தட்டில் வைத்துவிடுவார். குளிரில் முட்டை செத்துப்போகும். அந்தத் தடவை மறுநாளே நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். குழந்தைக்கு எடுத்துவைத்த பாலுக்குப் பக்கத்தில் சுருட்டு! எனக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறியது.

"பச்சப்புள்ள குடிக்கிற பால்கிட்ட இந்தக் கருமத்தையா வைப்பீங்க? மூளை இருக்கா உங்களுக்கு?"

கட்டை எடுத்து மேஜைமேல் விட்டெறிந்தேன்.  அவர் அதைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்துக் கல்யாணக் கட்டின் காகிதத்தில் ஊசி குத்தினாற்போல் நாலைந்து துளைகள். தட்டில் மாவு மாதிரித் தூள். புதுக் கட்டிலிருந்து வண்டு பரவியிருந்தது. இரண்டு நாள் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. ஃப்ரிட்ஜ் பேச்சை எடுக்கவும் இல்லை, என் வாய்க்குப் பயந்து. கிடங்கிலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாத மாத்திரையில் நாலை எடுத்து வந்தார். திங்கட்கிழமை காலை அக்கா வேலைக்குக் கிளம்பிய பிறகு, மகள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அதை உள்ளே வைத்து, கண்ணாடிக் கதவின் ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டுக் கிடங்குக்குப் போனார்.

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. காய்ந்த கோதுமையில் வாயு நன்றாகக் கிளம்ப ஒரு நாளாவது ஆகும். சாயங்காலம் வந்து ஏதாவது சாக்குச் சொல்லி, மகளையும் பேரனையும் நாலு வீடு தள்ளியிருக்கிற என் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கிடங்கு ஆளுக்கு அது சரியான கணக்குதான். ஆனால் ஈரம் பட்டால் அந்த மாத்திரை மளமளவென்று வாயுவைக் கக்கிவிடும். தானே ஆறு வருஷம் பார்த்துப் பார்த்து வைத்த ஈரத்தை அவர் மறந்துபோனார். பின்னால் இருந்தது செங்கல் சுவர் இல்லை என்பதையும்தான்.

பத்து மணிக்கு என் வீட்டுக்கு வருகிறேன் என்ற பெண்ணைப் பதினொன்றரை வரை காணோம். போய்க் கதவைத் திறந்தால் அழுகின பூண்டு நாற்றம். குழந்தை ஜன்னலடியில் குரல் கம்மி அழுதுகொண்டிருந்தது. அவள் பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். பாயெல்லாம் வாந்தி. உலுக்கினேன், கூப்பிட்டேன்.  மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, வீடெல்லாம் பூண்டு நாத்தம். இவ எழுந்திருக்கவே மாட்டேங்கறா."

 "புள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடு" என்றார். "அங்க நிக்காதே. ஓடு!"

குழந்தையை எதிர்வீட்டுக்காரியின் கையில் திணித்துவிட்டு, மறுபடி ஓடி அவளை வாசல் வரை இழுத்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மாத்து மருந்து இருக்கும்ல?" என்று கேட்டாள்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமா, "இல்ல" என்றார். கிடங்கில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். மறுநாள் காலை அவள் போய்விட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

வேலை போனது, வழக்கு நடக்கிறது. அலமாரியைப் பிரித்தபோது வண்டெல்லாம் செத்துக் கிடந்தன. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் முதலில் அந்த ஐஸ் தட்டைத்தான் பார்க்கிறேன். அந்தக் கட்டு இன்னும் இரண்டு நாள் அங்கே இருந்திருந்தால் எங்கள் பெண் இருந்திருப்பாள். இதை மாமா ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் தேவலை.

பேரனுக்கு இப்போது ஒன்றரை வயது. எங்கள் கையில் வளர்கிறான். தாத்தாவைக் கண்டால் போதும், தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டுவான்.

"இரு கண்ணு, தாத்தா கையக் கழுவிட்டு வரேன்" என்று மாமா உள்ளே போவார். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். சோப்பு, தண்ணீர், மறுபடி சோப்பு. பையன் கையை நீட்டியபடியே நிற்பான். கால் மணி நேரம் பார்த்துவிட்டு நான்தான் அவனைத் தூக்கிக்கொள்வேன்.