இடி இல்லாத பாஸ்கு

எங்கள் ஊர்ப் பாஸ்கில் இடி என்னுடையது. பெரிய வெள்ளிக்கு முன்பு ஆண்டவரின் பாடுகளைக் கோவில் வளவில் நடித்துக் காட்டுவோம். அவர் சிலுவையில் உயிர்விடும்போது வானம் முழங்கவேண்டும். அந்த வேலையை நான் எவனிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. ஐஸ் கொம்பனியில் கழித்த தகரமொன்றை மேடைக்குப் பின்னால் தொங்கவிட்டு, கீழ் மூலையைப் பிடித்து உதறினால் தூரத்து இடி. நடுவில் உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் தலைக்கு மேல் இடி. வித்தை எல்லாம் மணிக்கட்டில் இருந்தது. நடிக்கிறவர்களைவிட என் தகரத்துக்குத்தான் சனம் கூட அழுகிறது என்று சொல்லித் திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை, மறுத்தால் நான் சண்டைக்குப் போவேன் என்று தெரியும்.

அந்த வருடம் கோவிலுக்கு எதிரே, வீதித் திருப்பத்தில், ஆமி மண்மூட்டை அடுக்கிச் சென்ட்ரி போட்டிருந்தது. பாதர் போய்ப் பாஸ்குக்கு அனுமதி வாங்கி வந்தார். முன்பெல்லாம் விடியவிடிய நடந்தது, இனிப் பொழுதுபடுமுன் முடிக்கவேண்டும். பலத்த சத்தம் எதுவும் கூடாது.

"சத்தம் கேட்டா?" என்றேன்.

"அதை அவங்கள் சொல்லேல்ல. சொல்லத் தேவையில்லைத்தானே" என்றார் பாதர்.

பாஸ்கைப் பழக்கும் அண்ணாவியாருக்குக் கோபம் வந்தது. "இடி இல்லாம ஆண்டவர் எப்பிடிச் சாகிறது? சும்மா தலையைத் தொங்கப்போட்டா, நித்திரை கொள்ளுறார் எண்டெல்லோ சனம் நினைக்கும்."

நானும் அவர் பக்கம்தான். தகரத்துக்குச் சாக்குக் கட்டி மெல்ல உதறலாம் என்றேன். என் அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆண்டவராக நடிப்பது அவளுடைய புருசன், என் அத்தான்.

"டேய், தகரத்தைக் கேட்டு அவங்கள் சுட்டா நீ படுப்பாய். யூதாஸ் ஓடுவான். பிலாத்து கதிரைக்குக் கீழ போவான். அவர் எங்கயடா போறது? கையைக் கட்டி மேல ஏத்தி வச்சிருக்கிறியள்."

சிலுவை சென்ட்ரியைப் பார்த்தபடிதான் நின்றது. அத்தானின் மணிக்கட்டுகளை நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டுவோம். நல்ல நேரத்திலேயே அதை அவிழ்க்க ஆள் தேவை. சாக்குக் கதையை அத்தோடு விட்டேன்.

அந்த நாட்களில் எங்கள் கரையில் ஒரு பழக்கம் வந்திருந்தது. உள்ளே இருந்த பெரிய ஆமி முகாமிலிருந்து ஷெல் கிளம்பும் சத்தம், நாலு வீடு தள்ளி உரலில் உலக்கை விழுவதுபோல இருக்கும். பிறகு ஒரு சத்தமும் இராது. எங்கே விழும் என்று தெரியாத அந்த அமைதியில்தான் உயிர் போகும். எங்கள் மீன் வாடிகளுக்குள்ளும் விழுந்திருக்கிறது. அதனால் பெண்கள் உலக்கையை எடுக்குமுன் வேலிக்கு மேலால் "மா இடிக்கிறம்!" என்று கூப்பிடுவார்கள். அடுத்த வீட்டிலிருந்து "ஓம், இடியுங்கோ!" என்று பதில் வந்த பிறகுதான் முதல் குத்து.

அன்று என்மேல் இருந்த கோபத்தில் அக்கா கூப்பிட மறந்துபோனாள். உலக்கை விழுந்ததும் நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் சட்டி ஒன்று விழுந்து உடைந்தது. பிறகுதான் அவள் "ஐயோ, மா இடிக்கிறம்!" என்று கத்தினாள். சிலந்தி வலை முகத்தில் ஒட்ட, அப்படியே கிடந்தேன். இத்தனை வருடம் தகரத்தை உதறினேனே, ஒருநாளாவது ஒருவரைக் கட்டிலுக்குக் கீழே அனுப்பியிருக்கிறேனா என்று நினைத்தேன்.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். தகரத்துக்குப் பதிலாக உரலில் ஒரேயொரு குத்து, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மிச்சத்தைச் சனம் தானே கேட்டுக்கொள்ளும்.

"ஆமிக்குக் கேக்காதே?"

"கேக்கட்டும். ஒவ்வொரு நாளும் கேக்கிறவங்கள்தானே. அவங்களுக்கு அது மா இடிக்கிற சத்தம்."

அவள் உலக்கையை என் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். "உலக்கை என்ர கையிலதான் இருக்கும். நீ பேய்த்தனமாக் குத்திப்போடுவாய்."

சத்தத்தைச் சரிக்கட்டுவது என் பொறுப்பு. வெறும் உரல் கணகணத்தது, அரிசி போட்டால் அமுங்கியது. ஈர உமியைப் போட்டு, உரலை மணலில் பாதி புதைத்த பிறகுதான் ஷெல் கிளம்பும் சத்தம் அப்படியே வந்தது. பழகும்போது ஒவ்வொரு குத்துக்கும் முன்பு நானே பெண்கள்போலக் கூப்பிட்டேன். ஊர் முழுக்கச் சிரித்தது. எதற்கு என்று அத்தானுக்கும் அண்ணாவியாருக்கும் மட்டும் சொல்லி வைத்தோம்.

பாஸ்கு அன்று வளவு நிறைந்த சனம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அத்தான் "எல்லாம் நிறைவேறிற்று" என்று தலையைச் சாய்த்தார். மேடைக்குப் பின்னால், உரலடியில் நின்று நான் கையைக் காட்டினேன். அக்கா உலக்கையைப் போட்டாள்.

காகம்கூடக் கத்தவில்லை. அடுத்த கணம் வளவு முழுக்க நிலத்தில் கிடந்தது. தாய்மார் பிள்ளைகளின்மேல் விழுந்தார்கள். ரோமச் சேவகர் கேடயங்களை எறிந்துவிட்டுப் படுத்தார்கள். எல்லாம் தெரிந்த அண்ணாவியாரும் மணலில் முகத்தைப் புதைத்திருந்தார். திரையின் ஓட்டையால் பார்த்த எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெரிய சந்தோசம். இப்படி ஒரு இடியை எவன் செய்திருப்பான்!

அப்போதுதான் சென்ட்ரியைப் பார்த்தேன். அவர்களுடைய காதுக்குக் கணக்குப் போட்ட நான் கண்ணுக்குப் போடவில்லை. அவ்வளவு சனமும் ஒரேயடியாக விழுந்ததைக் கண்டு அவர்களும் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள். பிறகு துவக்குகள் மேலே வந்தன. நிமிர்ந்து நின்றது சிலுவையும் அத்தானும் மட்டும்தான். "கயிறு! கயிற்றை அவிழுங்கோ!" என்று அவர் மணிக்கட்டுகளை இழுத்துக் கத்தினார்.

அக்கா என் பக்கத்தில் இல்லை. உலக்கை மணலில் கிடந்தது. அவள் மேடைக்கு ஓடி, சென்ட்ரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அத்தானின் கால்களைக் கட்டிப்பிடித்து நின்றாள்.

நான் உலக்கையை எடுத்தேன். இடித்தேன். பெண்கள் இடிப்பதுபோலவே, ஒரே சீராக, விடாமல் இடித்தேன். "மா இடிக்கிறம்! மா இடிக்கிறம்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். உமி கண்ணிலும் வாயிலும் பறந்தது. கூட்டத்துக்குள் கிடந்த எவளோ ஒருத்தி, பழக்கதோசத்தில், "ஓம், இடியுங்கோ!" என்றாள். யாரோ சிரித்தார்கள். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. சென்ட்ரியில் ஒரு தொப்பி மூட்டைக்கு மேல் உயர்ந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றது. துவக்கு மெல்லத் தாழ்ந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. அண்ணாவியார் வந்து உலக்கையைப் பறித்தார்.

அத்தானின் கயிற்றை மீன் வெட்டும் கத்தியால் அறுத்தார்கள். அக்கா அவருடைய கால்களை இன்னும் விடவில்லை. அவளுடைய கையை மெல்லப் பிடித்தேன்.

"அக்கா, நீதானே குத்தினது. ஷெல் இல்லையெண்டு உனக்குத் தெரியும்தானே."

"ஓமடா, என்ர கையாலதான் குத்தினன்" என்றாள். "குத்திப்போட்டு, எங்க விழப்போகுதெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."