கேட்டில் நின்ற பெயர்

சங்ககிரியில் என் அண்ணன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அங்கே லோடு சீட்டு அச்சடிக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தது நான். ஒரு காலையில் போனில் கத்தினார்.

"ஏஞ்சாமி, உன்ற சீட்டால நம்ம டிரைவர் குடோன் கேட்டுல நிக்கறாரு. லைசென்சுல ஒரு பேராம், சீட்டுல வேற பேராம். இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேற ஆளை அனுப்பச் சொல்றாங்க."

அந்தக் குடோன் லோடுதான் அந்த டிரைவருக்குப் பிழைப்பு. எனக்கோ, என் நிரலைக் குறை சொல்கிறார்களே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே போய்ச் சீட்டைப் பார்த்தேன். பெயர் நீளம், சீட்டு குறுகல். இரண்டு வரியாக மடிக்கும்போது ஓர் எழுத்தையே உடைத்து வைத்திருந்தது. உடம்பு மேல் வரியில்; அதன் கொம்பு கீழ் வரியில், ஒரு புள்ளி வட்டத்தில் அநாதையாகத் தொங்கியது. வாட்ச்மேன் பாவம், என்னதான் செய்வார்?

என் நிரலில் பிழை இல்லை. நிரல்மொழியோடு கூடவே வரும் பொது நிரல் தொகுப்பில், ஓர் எழுத்து எங்கே முடிகிறது என்று சொல்லும் பகுதியில் இருந்தது. ஊர் உலகமெல்லாம் நம்பி எடுத்தாளும் இடம். பயந்துகொண்டேதான் கை வைத்தேன். தமிழ்க் கொம்புகளை மட்டும் சேர்த்து, அதைப் பராமரிக்கும் குழுவுக்குத் திருத்தத்தை அனுப்பினேன்.

எந்த நாட்டுக்காரரோ, அங்கே அதைப் பார்த்தவர் தன்மையாகத் திருப்பிவிட்டார். ஒரு மொழிக்கு மட்டும் ஒட்டுப் போட வேண்டாம், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு விதியை முழுசாகப் பின்பற்றுங்கள் என்றார். எரிச்சலாக வந்தது. ஒரு டிரைவரைக் கேட்டுக்குள் அனுப்ப வந்தவளுக்கு உலகத்தின் கவலை எதற்கு? முணுமுணுத்துக்கொண்டே எழுதி முடித்து, அண்ணன் ஆபீசிலேயே சோதனையை ஓட்டினேன்.

திரையில் வங்காளம், சிங்களம், பர்மியம், கெமர் என்று வரிசையாக வந்தன. ஒன்றும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் முன்பு பிரிந்து கிடந்த குறி ஒவ்வொன்றும் தன் எழுத்தோடு போய்ச் சேர்ந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. மெய்சிலிர்த்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையைத்தான் கேட்டிருக்கிறேன், இது தலைகீழ். யாரோ எப்போதோ உட்கார்ந்து, இத்தனை மக்களின் எழுத்தையும் ஒரே விதிக்குள் யோசித்து வைத்திருக்கிறார்கள். நான் அதைப் போய்த் தொட்டது மட்டும்தான்.

அடுத்த லோடுக்கு அடித்த புதுச் சீட்டில் பெயர் உடையாமல் வந்தது. டிரைவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப உள்ள உடுவாங்களா சாமி?"

"உடுவாங்கண்ணா."

மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. லாரி உள்ளே போய்விட்டது. அண்ணன் போனை வைத்துவிட்டு, இன்னும் திறந்தே கிடந்த திரையைப் பார்த்தார்.

"இதெல்லாம் எந்தூரு எழுத்து?"

சொன்னேன். இவர்களுக்கும் இத்தனை நாள் உடைந்துதான் வந்திருக்கும் என்றேன்.

அண்ணன் அந்த வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு, "அங்கெல்லாம் எத்தன பேரு கேட்டுல நின்னாங்களோ சாமி" என்றார்.