மெத்தை விரிக்காத நாட்கள்

1. சாவி

மண்டபத்துக்குப் புதிதாக ஜிம்னாஸ்டிக்ஸ் பழக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என்னை நீங்கள் மெத்தை மாமா என்று கூப்பிடுகிறீர்கள். கிழமையில் மூன்று நாள் தவிர மற்ற நாட்களில் நான் ஏன் கதவைத் திறப்பதில்லை என்று உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். இதுதான் பதில்.

முன்பு நான் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தேன். ஃபெக்டரியை மூடிய பிறகு ஹட்டனில் இந்தப் பள்ளிக்கூடத்து மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. முதல் நாள் பிரின்சிபல் சேர் சாவியைக் கொடுத்து, "பின்னேரம் ஜிம்னாஸ்டிக்ஸ் இருக்கு. புள்ளைங்க வர்றதுக்கு முந்தி மெத்தையெல்லாம் விரிச்சிடுங்க" என்றார்.

"புள்ளைங்க தூங்குவாங்களா சேர்?" என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது.

பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு மெத்தைக்கு நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் ஓடிவரும் பிள்ளையின் கால் அதில் மாட்டும். பனி இறங்கும் மாதங்களில் மெத்தை ஈரம் கோர்க்கும். துடைக்காமல் விட்டால் வழுக்கும். பிள்ளைகள் ஏறி நடக்கும் ஒடுக்கமான கட்டைக்குப் பீம் என்று பெயர்; அது ஆடாமல் நிற்கிறதா என்று ஒவ்வொரு நாளும் அதன் கால்களை ஆட்டிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரசிகா மிஸ். பயிற்சி கொடுப்பவர் அவர்தான். கண்டியிலிருந்து வந்த சிங்களவர். நம் பிள்ளைகளோடு பேசிப் பேசியே தமிழ் பழகிக்கொண்டார். தொடக்கத்திலேயே பெற்றோரைக் கூப்பிட்டு, "இந்த வயசுக்குக் கிழமைக்கு மூணு நாள் போதும். மத்த நாள் எலும்பு வளரணும்" என்று சொல்லிவிட்டார்.

என் மகள் தர்ஷினி அப்போது ஆறாம் வகுப்பு. அவளும் அதில் சேர்ந்தாள். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீடொன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். அவள் அம்மா செல்வி கொழுந்து எடுக்கப் போகிறாள். பயிற்சி முடிந்ததும் நானும் மகளும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புவோம்.

2. ஏலும்னா வாங்க

கொழும்பில் பெரிய போட்டி ஒன்று வந்தது. மலையகத்திலிருந்து நம் பிள்ளைகள் போவது அதுதான் முதல் தடவை. மிஸ் எல்லாரையும் உட்காரவைத்து, "மத்த நாளும் மண்டபம் தொறந்து இருக்கும். ஏலும்னா வாங்க. கட்டாயம் இல்ல" என்றார்.

மறுநாள் ஒரு பிள்ளைகூடக் குறையாமல் எல்லாரும் வந்தார்கள். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். காய்ச்சலோடு ஒரு பிள்ளை வந்து, பாதியில் முடியாமல் பையைத் தூக்கினாள். தர்ஷினியின் சிநேகிதி நிரோஷா சத்தம் போட்டாள்:

"ஏய், இன்னைக்கி ஒனக்கு அரப் பேருதான்டி!"

எல்லாரும் சிரித்தார்கள். தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் பாதி நாள் சம்பளம்தான் எழுதுவார்கள். அதைத்தான் அரைப் பேர் என்பது. காய்ச்சல்காரப் பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப வரிசையில் போய் நின்றாள்.

மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா அண்ணே, இந்தப் புள்ளைங்களுக்கு எவ்வளவு ஆச!" என்றார். ஆசை என்றுதான் நானும் நினைத்தேன்.

3. ரொட்டி

ஒரு காலை செல்வி ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். தர்ஷினி ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் குளிரில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவள் ரொட்டியை இடக் கையில் பிடித்துப் பல்லால் பிய்த்துத் தின்றாள்.

செல்வி தோசைக்கல்லை இறக்கிவைத்தாள்.

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுடின்னா! கொழுந்து கூடுன மாசத்துல கை வீங்கிப்போனா நாங்க இப்பிடித்தான் திம்போம். கங்காணிக்குத் தெரியாது. எனக்குமா தெரியாது?"

தர்ஷினி ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினாள். வலது மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்று இருந்தது. நான் தொட்டதும் பிள்ளை உதட்டைக் கடித்தாள். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மிஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா போட்டி லிஸ்ட்ல பேர வெட்டிருவாங்கப்பா."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வளர்கிற எலும்பின் நுனி கெட்டுப்போயிருப்பதாக டாக்டர் சொன்னார். ஓய்வில்லாமல் திரும்பத் திரும்பக் கையை ஊன்றியதால் வந்தது. இனி அவர் சொல்லும்வரை ஊன்றவே கூடாது. "மத்தக் கை மாதிரி இது வளருமா டாக்டர்?" என்று கேட்டேன். இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்.

4. செல்வி சொன்னது

அன்று செல்வி வேலைக்குப் போகாமல் மண்டபத்துக்கு வந்தாள். மிஸ் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் கட்டாயம் இல்லன்னு சொன்னேனே அக்கா."

"சொன்னீங்க மிஸ். தோட்டத்துல வேல பிரிச்சிக் குடுக்குற எங்க கணக்கப்பிள்ளையும் அப்பிடித்தான் சொல்லுவாரு. ஞாயித்துக்கிழம ஏலும்னா வாங்கம்பாரு. போகாட்டி திங்கக்கிழம எங்களுக்குப் புல்லு மண்டி, கொழுந்து நெற தேறாத மலதான். அதப் பாத்து வளந்த புள்ளைங்க மிஸ் இதுங்க. வராதன்னு சொன்னாலும் வரும்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"பூட்டிருங்க."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் சாவியைப் பார்த்தேன். அந்தக் கிழமையிலிருந்தே பழையபடி மூன்று நாளாக்கினோம்.

போட்டி நெருங்கும் நேரத்தில் பூட்டியதைப் பெற்றோர் ஏற்றுக்கொள்ளவில்லை. லொறி ஓட்டும் ஒரு தகப்பன் வாசலில் வைத்தே என்னைக் கேட்டார்: "ஒம் மக கை போச்சுன்னு எங்க புள்ளைங்க வாழ்க்கையையும் கெடுக்கப் பாக்குறியா? பெரிய தொர மாதிரி சாவிய ஆட்டிக்கிட்டு நிக்கிற!"

அவரும் தன் பிள்ளைக்காகத்தான் பேசினார்.

தர்ஷினி இல்லாமல் குழு கொழும்புக்குப் போனது. ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பி வந்தது. நிரோஷா பீமிலிருந்து விழுந்தாளாம். மூன்று நாள் பழகினால் இப்படித்தான் என்று டவுன் முழுக்கப் பேச்சு. இரண்டு பிள்ளைகளைப் பெற்றோர் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பூட்டியது சரிதானா என்று செல்வியிடம் கேட்டேன். "மத்தப் புள்ளைங்க ரொட்டிய எதால பிய்க்கிதுங்கன்னு பாத்துட்டு வந்து கேளுங்க" என்றாள்.

பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன். நீங்கள் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிறேனே, அதற்காகத்தான்.

5. நான் தெரிந்துகொண்டது

ஒரு பிள்ளை எத்தனை நாள் பழக வேண்டும் என்பதை அதன் ஆசையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆசைக்குள்ளே பயமும் இருக்கும். வெளியே இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இரண்டும் நேரத்துக்கு வந்து வரிசையில் நிற்கும்.

பிள்ளைகளே, வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். இங்கே யாரும் பேரை வெட்ட மாட்டார்கள். இதை எழுதும்போதே, நீங்கள் முழுதாக நம்ப மாட்டீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அதனால்தான் பூட்டு.

தர்ஷினிக்கு இப்போது கையை ஊன்றாத பயிற்சி மட்டும் உண்டு. வலது கை கொஞ்சம் கட்டையாகத்தான் வளர்கிறது. மழை நாளில் மணிக்கட்டு மடங்குவதில்லை. போன கிழமை, பூட்டிய நாளொன்றில், மண்டப வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, கொஞ்ச நேரம். கைய ஊன மாட்டேன். பீம்ல நடக்க மட்டும்."

"நாளைக்கிம்மா."

"யாருமே பாக்க மாட்டாங்கப்பா."

"நாளைக்கி."

ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். சுவரோரம் மெத்தைகள் அடுக்கியபடி இருந்தன. பிறகு என்னோடு பஸ்ஸுக்கு வந்தாள். உட்கார இடம் இல்லை. கம்பியை இடக் கையால் பிடித்துக்கொண்டாள்.