கப்ராஹட் என்றால் பயம் மட்டுமல்ல

மாதனூர்ப் பெண் இன்பத்துக்கு உருது எழுதப் படிக்கத் தெரியாது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மிஷின் பெண்கள் பேசப் பேசக் காதில் ஏறிய பாஷை அது. கழுத்து வலியால் அந்த வேலையை விட்டவர், வேலூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அட்டெண்டராகச் சேர்ந்தார். வீல்சேர் தள்ளலாம், ஸ்ட்ரெச்சர் பிடிக்கலாம். நோயாளியின் வைத்தியத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் வாஹித் பாஷா தன் மனைவி சுகரா பேகத்தை அழைத்து வந்தார். கோலார் பக்கம் பிறந்த சுகராவுக்குத் தமிழ் வராது, உருதுதான். என்ன செய்கிறது என்று புதிய டாக்டர் கேட்டதற்கு, "கப்ராஹட்" என்றார். பயமாக இருக்கிறதாம் என்று கணவர் தமிழில் சொன்னார். பிரஷர் சரியாக இருந்தது. கூட்டமும் ஜாஸ்தி. வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

வீல்சேரைத் தள்ளிப் போனது இன்பம். வழியில் சுகரா தாடையைப் பிடித்துக்கொண்டு உருதுவில் ஏதோ முனகினார். இன்பம் நின்றுவிட்டார். பேசினால் வேலை போகலாம். ஆனாலும் வண்டியைத் திருப்பி, நர்ஸ் ஜெனிஃபாவிடம் கொண்டுபோனார்.

"சிஸ்டர், இவங்க பயம்னு சொல்லல. நெஞ்சு அடைச்சிக்கிட்டு படபடன்னு வந்தாலும் கப்ராஹட்னுதான் சொல்வாங்க. இடது கை மரத்துப் போவுதாம். தாடை இழுக்குதாம்."

"நீங்களா கேட்டீங்களா, அக்கா?"

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கல. அவங்களா சொன்னாங்க."

உடனே ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு. ஆறாம் நாள் சுகரா நடந்தே வீட்டுக்குப் போனார்.

சூப்பர்வைசர் இன்பத்திடம் விளக்கம் எழுதி வாங்க வந்தபோது, ஜெனிஃபா தடுத்துவிட்டார். அதன்பிறகு உருது பேசுகிறவர்கள் வந்தால் டாக்டரே இன்பத்தைக் கூப்பிட ஆரம்பித்தார். இரண்டு மாதம் கழித்து, வயிற்று வலி என்று வந்த ஒரு பெண்ணுக்கு மொழிபெயர்க்கும்போது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று இன்பம் தன் ஊகத்தையும் சேர்த்துச் சொன்னார். அது குடல்வால் அழற்சி. கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாலும் இன்பத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்போது நோயாளி சொன்னதை மட்டும் சொல்கிறார். புரியாத வார்த்தை வந்தால், "இது எனக்குத் தெரியல டாக்டர், வேற யாரையாவது கேளுங்க" என்கிறார்.