ஆபரேஷனுக்கு லோன் கேட்டேன்

இன்று தறிக்கு லீவு போட்டுவிட்டு, ராசிபுரத்தில் ஒரு ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

மேனேஜர் மரியாதையாகத்தான் கேட்டார். "லோன் எதுக்குங்க?"

"ஆபரேஷனுக்குங்க. நான் திருநங்கை. அரசாங்க ஆஸ்பத்திரில என் முறை எப்ப வரும்னே தெரியலீங்க. தனியார்ல பண்ணிக்கோணும்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "பண்ணாட்டி உசுருக்கு ஒண்ணும் ஆபத்தில்லைங்களே?"

செல்வியைப் பற்றிச் சொன்னேன். என்னோடு ஒரே அறையில் இருந்தவள். கையில் இருந்த காசுக்கு, டாக்டரே இல்லாத ஓர் இடத்தில் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டாள். ரத்தம் நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் செத்துப்போனாள். எடப்பாடியிலிருந்து அவள் வீட்டார் ஒருவரும் வரவில்லை. நாங்கள் நாலு பேர்தான் எடுத்துப் போய் அடக்கம் செய்தோம்.

அவர் குரலைத் தாழ்த்தி, "ஆபரேஷன்னு எழுதாதீங்க சாமி. மேல பாஸ் ஆகாது. எருமை வாங்கன்னு எழுதுங்க, ஒரு வாரத்துல ஆயிரும்" என்றார்.

நல்ல மனுஷன்தான்.

ஃபாரத்தை அறைக்கு எடுத்து வந்து, அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். கடைசியில் என் உடம்புக்குக் கிடைக்காத லோன், இல்லாத எருமைக்குக் கிடைக்கப்போகிறது.

அதுக்கு என்ன பேர் வைக்கலாம், சொல்லுங்க.