ஆர்கானிலும் வந்த எத்தனால்

எங்கள் ஆய்வகத்து வேலையைப் புரியவைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. புகையில் போகிற கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து, செம்பு ஆக்சைடு பூசிய தகடு வழியாக மின்சாரம் கொடுத்தால், அது உபயோகமான வேறு பொருளாக மாறும். என் தகட்டில் எத்தனால் வந்தது. தாம்பரத்தில் மூன்று வருடமாகப் பிஎச்.டி. என்ற பெயரில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை.

தகடு என்று நாங்கள் சொல்வது ஒரு கார்பன் தாள்தான். ஆக்சைடுத் தூளை எத்தனாலில் குழைத்து அதில் பூசி, ஓவனில் காயவைக்க வேண்டும். அது மழைக்காலம். துவைத்த துணியே மூன்று நாள் காயாது. நானோ மாலை செங்கல்பட்டு ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், விரலால் தொட்டு ஒட்டவில்லை என்றால் எடுத்துவிடுவேன்.

என் தகட்டைச் சரிபார்க்கும் வேலையை, எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்த பெண்ணிடம் எங்கள் கைடு கொடுத்திருந்தார். கோவளத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். அவர்கள் வீட்டில் முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கப்போகிறவள் என்று அவள் அப்பா ஒருமுறை வந்து எங்களிடமே பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கான் வாயுவை விட்டு ஓட்டிப் பார்ப்பது முறை. ஆர்கானில் கார்பனே கிடையாது, அதனால் எத்தனால் வரக்கூடாது. நான் அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. அவள் செய்தாள்.

"அண்ணா, ஆர்கான்லயும் எத்தனால் வருதுண்ணா."

"செல்ல ஒழுங்கா கழுவினியா?"

செல் என்பது இதையெல்லாம் ஓட்டும் கண்ணாடிப் பாத்திரம்.

"நல்லா கழுவினேண்ணா. ரெண்டு தடவ பண்ணிட்டேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள்.

அதன் பிறகு இரண்டு வாரம் அந்தக் கண்ணாடியை அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் எத்தனால் வந்தது. ஒவ்வொரு முறையும் அவளே மன்னிப்புக் கேட்டாள்.

ஒருநாள் கனமழை என்று விடுமுறை விட்டார்கள். ஓவனில் வைத்த தகடு இரண்டு நாள் அங்கேயே கிடந்து நன்றாகக் காய்ந்தது. அதைக் கார்பன் டை ஆக்சைடிலேயே ஓட்டினேன். எத்தனால் இல்லை. இன்னொன்றையும் அப்படியே காயவைத்து ஓட்டினேன். இல்லை. நான் ஊற்றிக் குழைத்த எத்தனாலை நானே கண்டுபிடித்துக் கொண்டாடியிருக்கிறேன்.

கைடிடம், "திரும்ப வரல சார்" என்று மட்டும் சொல்லி, எழுதிவைத்த கட்டுரையிலிருந்து அதை நீக்கினேன். பொய் எதையும் அச்சேற்றவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. இன்று, நாளை என்று தள்ளினேன். வெட்கம்தான், வேறென்ன. மூன்று வாரம் கழித்து, தனக்கு லேப் வேலைக்குக் கை வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டு சிறுசேரியில் வேலைக்குப் போய்விட்டாள்.

நாலைந்து வருடம் கழித்து, போன மாதம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவளே என்னை அடையாளம் கண்டு வந்து பேசினாள். "நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதாண்ணா. எனக்கு அது செட் ஆகல" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தகடு காயாத கதையை, நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"இது உங்களுக்கு எப்பண்ணா தெரியும்?" என்று கேட்டாள்.

போன வருடம்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"நீ போறதுக்கு மூணு வாரம் முன்னாடி."

அவள் பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"அப்பவே சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேண்ணா."

அப்போதும் என்னை அண்ணா என்றுதான் சொன்னாள்.